படகு எஞ்சினின் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு நெட்வொர்க்: மல்டிமீட்டரில் தொடங்கி ஃபால்ட் கோடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய டீசல் எஞ்சினில் கோளாறு தேடுவது நேரான வேலை. ஆக்சிலரேட்டர் கேபிள் நேராக இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகும். ஆயில் பிரஷர் மீட்டருக்கு ஒரு ஒயர், டெம்பரேச்சர் மீட்டருக்கு ஒரு ஒயர். எது வேலை செய்யவில்லையோ அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் காரணம் கிடைத்துவிடும். இப்போது வரும் எஞ்சின்களில் லீவரைத் தள்ளினால் எந்தக் கேபிளும் அசைவதில்லை. லீவரில் இருக்கும் சென்சார் ஒரு கட்டுப்பாட்டு யூனிட்டுக்குச் சொல்கிறது; அது இரண்டு ஒயர்கள் வழியாக எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் செய்தி அனுப்புகிறது; இசியு எரிபொருளைக் கூட்டுகிறது. ஆர்பிஎம், ஆயில் பிரஷர், கூலன்ட் வெப்பம், கியர் நிலை, ஃபால்ட் கோடுகள் (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்கள்) எல்லாம் இப்படிப்பட்ட ஒரு ஜோடி ஒயரில்தான் பயணிக்கின்றன.

"இது லேப்டாப் வேலை, நமக்கு வேண்டாம்" என்று கைதேர்ந்த மெக்கானிக்குகளே ஒதுங்கிப் போவதுண்டு. அவர்கள் ஒதுங்க வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். படகில் வரும் நெட்வொர்க் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒயர், கனெக்டர், எர்த், பேட்டரி ஆகிய நான்கில் ஒன்றில்தான் முடிகின்றன. அவற்றைப் பிடிக்க மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். அதனால் கற்கும் வரிசையையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் மின்சாரம், அப்புறம் ஒயர், அப்புறம் செய்தி, அப்புறம் ஃபால்ட் கோடு. கம்பெனி சாஃப்ட்வேர் கடைசியில்தான்.

படி 1: எந்த நெட்வொர்க் முன்னால் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கேன் பஸ். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986-இல் வெளியிட்டது. இரண்டு ஒயர்களில் பிட்டுகள் எப்படிப் போக வேண்டும், இரண்டு யூனிட்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பிட்டுகளுக்கு என்ன அர்த்தம் என்று அது சொல்வதில்லை.

அர்த்தம் சொல்வது மேலடுக்கு. டீசல் எஞ்சின்களில் அது ஜே1939. கனரக வாகனங்களுக்காக எஸ்ஏஇ அமைப்பு உருவாக்கிய தரநிலை. படகின் ஜிபிஎஸ், ஆழமானி, திரைகள் பேசுவது என்எம்இஏ 2000. இது ஜே1939-இன் கட்டமைப்பை எடுத்துக்கொண்டு கடல் கருவிகளுக்கு ஏற்றபடி வளர்க்கப்பட்டது. இரண்டும் 29 பிட் அடையாள எண்ணைப் பயன்படுத்துகின்றன. என்எம்இஏ 2000-இன் வேகம் வினாடிக்கு 250 கிலோபிட். ஜே1939-இலும் பெரும்பாலும் அதுதான், சில எஞ்சின்களில் 500. இவை தவிர கம்பெனிகளின் சொந்த முறைகளும் உண்டு: மெர்க்குரியின் ஸ்மார்ட்கிராஃப்ட், யமஹாவின் கமாண்ட் லிங்க், வோல்வோ பென்டாவின் இவிசி.

ஒரு படகில் குறைந்தது இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஒன்று எஞ்சினுடையது, இன்னொன்று நேவிகேஷன் கருவிகளுடையது. நடுவில் கேட்வே என்ற சிறு பெட்டி நின்று எஞ்சின் தகவலை மொழிபெயர்த்துத் திரைக்கு அனுப்பும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றனவே, நேரடியாகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். என்எம்இஏ 2000 என்பது 12 வோல்ட் நெட்வொர்க், பெரிய எஞ்சின் பல நேரம் 24 வோல்ட்டில் இருக்கும். திரைப் பக்கம் ஒரு கேபிள் நசுங்கினால் அதனால் எஞ்சின் கட்டுப்பாடு பாதிக்கப்படக் கூடாது. அந்தச் சுவருக்காகத்தான் கேட்வே இருக்கிறது.

முதல் நாள் வேலை ஒரு காகிதத்தில் படம் வரைவது. இசியு எங்கே, லீவர் யூனிட் எங்கே, கேட்வே எங்கே, முதுகெலும்புக் கேபிள் (கிளைகள் பிரியும் முக்கியக் கேபிள்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் முனைகளில் இருக்கும் ரெசிஸ்டர்களான டெர்மினேட்டர்கள் எந்த மூலையில், எந்த ஃபியூஸ் எதற்குக் கரண்ட் கொடுக்கிறது என்று எழுதுங்கள். எஞ்சின் கம்பெனியின் ஒயரிங் டயக்ராம் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். படகு கட்டியவர் சேர்த்தது, பின்னால் வந்தவர் மாற்றியது எதுவும் அந்த டயக்ராமில் இருக்காது.

படி 2: கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்

"நெட்வொர்க் விட்டு விட்டுப் போகிறது" என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது பேட்டரி முனைகள். இசியு ஒரு கம்ப்யூட்டர். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நொடியில் வோல்டேஜ் அதிகமாகச் சரிந்தால் அது மீண்டும் தொடக்கத்திலிருந்து எழும். அந்த இடைவெளியில் மற்ற யூனிட்கள் எல்லாம் "தொடர்பு போய்விட்டது" என்று கோடு பதிந்துவிடும். அந்தக் கோடுகளைப் பார்த்துக் கேபிளைத் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

வோல்டேஜை பேட்டரியில் அளக்காதீர்கள், இசியுவின் கனெக்டரில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் குறைந்தபட்ச மதிப்பைப் பிடித்து வைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, எஞ்சினை கிராங்க் செய்யச் சொல்லுங்கள். அடுத்தது எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இசியுவின் எர்த் பின்னிலும் வைத்து, லோடு இருக்கும்போது அளவிடுங்கள். எதுவும் காட்டாமல் இருப்பதே நல்லது. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ துருப்பிடித்த லக் அல்லது தளர்ந்த போல்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குவேன். ஓம் அளவில் அந்த எர்த் ஒயர் நன்றாகவே காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. லோடு ஏறும்போதுதான் குறை வெளியே வரும்.

என்எம்இஏ 2000 கருவிகள் 9 முதல் 16 வோல்ட் வரை வேலை செய்ய வேண்டும் என்பது விதி. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் திரைகள் அணைந்து எழுகின்றன என்றால், அந்த நெட்வொர்க்கின் சப்ளை ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளுக்கென்று இருக்கும் பேட்டரிக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஷீல்டு ஒயர் ஒரே ஒரு இடத்தில்தான் எர்த் ஆக வேண்டும்.

படி 3: டெர்மினேட்டரை அளவிடுங்கள்

இந்த ஒரு அளவீட்டைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை கைக்கு வந்துவிடும். கேன் முதுகெலும்பின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒன்று இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் சிக்னல் கேபிளின் நுனியில் மோதித் திரும்பி வரும். திரும்பி வரும் அலை அடுத்த பிட்டைக் கெடுக்கும். இரண்டு ரெசிஸ்டர்களும் இணையாக இருப்பதால், கேனின் இரண்டு சிக்னல் ஒயர்களான ஹை, லோ இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும்.

எல்லா மெயின் சுவிட்சுகளையும் அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்து, ஒரு கனெக்டரைத் திறந்து அளவிடுங்கள். கரண்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஜே1939-இல் வழக்கமாக மஞ்சள் ஒயர் ஹை, பச்சை லோ. என்எம்இஏ 2000-இல் வெள்ளை ஹை, நீலம் லோ. சிவப்பும் கறுப்பும் கரண்ட். எஞ்சின் கம்பெனிகள் இந்த நிறங்களை மாற்றியும் போடுவார்கள் என்பதால் டயக்ராமைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

60-க்கு அருகில் வந்தால் சரி. 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் காணாமல் போயிருக்கிறது, அல்லது முதுகெலும்பில் ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. நீங்கள் நிற்கும் பக்கத்து ரெசிஸ்டர் மட்டும்தான் மீட்டருக்குத் தெரிகிறது. 40 வந்தால் மூன்றாவது ஒன்றை யாரோ சேர்த்திருக்கிறார்கள். சில இசியுக்களுக்குள்ளேயே டெர்மினேட்டர் இருக்கும்; அது தெரியாமல் வெளியே இன்னொன்று மாட்டியிருப்பார்கள். பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் ஹையும் லோவும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மிகப் பெரிய எண் வந்தால் இரண்டு டெர்மினேட்டருமே எட்டவில்லை.

அளந்தபோது 60 வந்தது என்று மீட்டரை மூடி வைத்துவிடாதீர்கள். மீட்டரை மாட்டியபடியே கேபிளை அடி அடியாகப் பிடித்து அசையுங்கள், கனெக்டர்களை லேசாகத் திருகிப் பாருங்கள். எஞ்சின் ரூமில் தரைக்கு அருகே கிடக்கும் ஒரு டீ (T வடிவ) கனெக்டரைத் தொட்டதும் 60 என்பது 120-க்குத் தாவி மறுபடி 60-க்கு வந்தால், அதைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து பின்களில் ஒன்றின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. கரையில் கட்டிக் கிடக்கும்போது அந்தப் படகில் எந்தக் குறையும் தெரியாது. அலையில் ஆடும்போது மட்டும் ஆர்பிஎம் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழும்.

பச்சை பிடித்த பின்னைச் சுரண்டி மறுபடி மாட்டுவது தற்காலிகம்தான். கனெக்டரை மாற்றுங்கள். ஒயருக்குள்ளும் கறுத்திருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய செம்புக் கம்பியால் இணையுங்கள். இன்னொன்று: அளவிடுவதற்காக ஒயரின் உறையை ஊசியால் குத்தாதீர்கள். குத்திய துளை வழியாக உப்புநீர் ஏறி, கொஞ்ச காலத்தில் அந்த இடத்திலேயே ஒயர் அழுகும். கனெக்டரின் பின்பக்கம் நுழையும் மெல்லிய புரோப் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்துக்கும் விதிகள் உண்டு. ஜே1939-இன் பழைய ஷீல்டு கேபிள் முறையில் முதுகெலும்பு 40 மீட்டருக்குள், அதிலிருந்து பிரியும் கிளை 1 மீட்டருக்குள். என்எம்இஏ 2000-இல் ஒரு கிளை அதிகபட்சம் 6 மீட்டர், எல்லாக் கிளைகளும் சேர்ந்து 78 மீட்டர். மெல்லிய கேபிள் போட்டால் முதுகெலும்பு 100 மீட்டர் வரை போகலாம். சிறு படகில் இந்த நீளங்களை யாரும் தாண்டுவதில்லை. ஆனால் கிளை மேல் கிளையாக நீட்டி, எது முதுகெலும்பு என்றே தெரியாதபடி ஆக்கிவைப்பது சாதாரணமாக நடக்கிறது. அப்படிப்பட்ட படகில் முதல் வேலை, ஒரு நேர்கோடு, இரு முனைகளில் டெர்மினேட்டர் என்று மறுபடி கட்டுவதுதான்.

படி 4: ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள்

இப்போது கரண்டைப் போடுங்கள். எர்த்துக்கும் ஹைக்கும் இடையே ஒரு அளவு, எர்த்துக்கும் லோவுக்கும் இடையே ஒரு அளவு. யாரும் பேசாதபோது இரண்டும் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் நிற்கும். செய்தி போகும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் ஹை 2.5-ஐவிடச் சற்று மேலே, லோ சற்றுக் கீழே தெரியும். நெட்வொர்க்கில் பேச்சு அதிகமானால் இடைவெளியும் அதிகமாகும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வர வேண்டும். நின்ற இடத்திலேயே செய்துவிடக்கூடிய நல்ல சோதனை இது.

ஹை ஒயர் எர்த்தில் பட்டுவிட்டால் நெட்வொர்க் முழுவதும் நின்றுபோகும், கோளாறு உடனே தெரியும். லோ ஒயர் எர்த்தில் பட்டால் சில சமயம் பேச்சு தொடர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது மட்டும் தவறும். எல்லாம் ஓடுகிறதே என்று வோல்டேஜ் பார்க்காமல் விடுவது இதனால்தான் ஆபத்து.

படி 5: மேஜை மேல் ஒரு சிறு நெட்வொர்க் கட்டுங்கள்

படகைத் தொடும் முன் இதைச் செய்து பார்ப்பது மிக நல்லது. யூஎஸ்பி கேன் அடாப்டர் இரண்டு, அல்லது அடாப்டர் ஒன்றும் கேன் சிப் பொருத்திய ஆர்டுயினோ போர்டு ஒன்றும், முறுக்கிய ஜோடி ஒயர் கொஞ்சம், 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றால் கேன் ஆதரவு அதன் உள்ளேயே இருக்கிறது. ஓடும் செய்திகளைத் திரையில் கொட்டும் கேன்டம்ப் போன்ற கருவிகள் இலவசம்.

இரண்டும் பேசத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு யூனிட்டைப் பிடுங்குங்கள். கேன் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் யாராவது ஒருவர் "வந்தது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தனியாக விடப்பட்ட யூனிட் ஒப்புதல் கிடைக்காமல் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஹையையும் லோவையும் ஒட்டிப் பாருங்கள், எல்லாம் நிற்கும். அனுப்பும் யூனிட்டின் பிழைக் கணக்கு ஒவ்வொரு தோல்விக்கும் 8 கூடும். 128-ஐத் தொட்டால் அது தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும், 255-ஐத் தாண்டினால் நெட்வொர்க்கை விட்டே விலகிவிடும். படகில் ஒரு யூனிட் காணாமல் போய்ச் சிறிது நேரத்தில் தானாகத் திரும்பி வருகிறது என்றால் பல நேரம் நடப்பது இதுதான்.

மூன்றாவதாக, ஒரு ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் எதுவுமே நடக்காது! ஒயர் குட்டையாக இருப்பதால் மோதித் திரும்பும் அலை பிட் முடிவதற்குள் அடங்கிவிடுகிறது. 250 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட் 4 மைக்ரோவினாடி நீளம். அதனால்தான் டெர்மினேட்டர் போன ஒரு படகு மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்து, ஒரு கருவியைப் புதிதாகச் சேர்த்த அன்று திடீரென்று தகராறு செய்கிறது. புதிய கருவிமேல் பழி போடும் முன் ஓம் அளந்து பாருங்கள்.

படி 6: கேட்க மட்டும் செய்து செய்திகளைப் படியுங்கள்

படகின் நெட்வொர்க்கில் அடாப்டரை மாட்டும்போது மாற்றக் கூடாத ஒரு விதி: அடாப்டரைக் கேட்க மட்டும் செய்யும் நிலையில் வையுங்கள். வேகத்தைத் தவறாக அமைத்த ஓர் அடாப்டர் சாதாரண நிலையில் மாட்டப்பட்டால், மற்றவர்களின் எல்லாச் செய்தியையும் பிழை என்று அறிவித்து நெட்வொர்க்கையே குலைத்துவிடும். கேட்கும் நிலையில் இருந்தால் அதனால் வாய் திறக்கவே முடியாது. எஞ்சின் லீவரும் அதே ஒயரில் பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணிலும் மூன்று விஷயங்கள் உண்டு: எவ்வளவு அவசரம், எதைப் பற்றியது, யார் அனுப்பியது. "எதைப் பற்றியது" என்பதற்குப் பெயர் பிஜிஎன். முதலில் நான்கைந்து எண்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஜே1939-இல் 61444 எஞ்சின் வேகம். 65262 வெப்பநிலைகள். 65263 ஆயில் பிரஷர் முதலியவை. 65266 எரிபொருள் செலவு. 65226 ஃபால்ட் கோடுகள். அனுப்புபவரின் எண் 0 என்றால் முதல் எஞ்சின்.

ஓர் உதாரணத்தைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம். 61444 செய்தியில் 8 பைட்டுகள். ஆர்பிஎம் இருப்பது 4-ஆம், 5-ஆம் பைட்டுகளில். திரையில் அந்த இரண்டும் 80, 25 என்று தெரிகின்றன. இவை ஹெக்ஸ் எண்கள், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்டவை. சிறிய பைட் முதலில் வரும் முறை என்பதால் திருப்பிப் போட்டு 2580 என்று படிக்க வேண்டும். ஹெக்ஸ் 2580 என்பது நம் வழக்கமான எண்ணில் 9600. ஒரு அலகு 0.125 ஆர்பிஎம் என்பதால் 9600-ஐ 8-ஆல் வகுத்தால் 1200 ஆர்பிஎம். வெப்பம் இன்னும் எளிது: 65262-இன் முதல் பைட் ஹெக்ஸ் 78 என்றால் அது 120, அதிலிருந்து 40 கழித்தால் கூலன்ட் 80 டிகிரி செல்சியஸ். ஆயில் பிரஷர் 65263-இன் 4-ஆம் பைட்; ஹெக்ஸ் 64 என்றால் 100, ஒரு அலகு 4 கிலோபாஸ்கல், ஆக 400 கிலோபாஸ்கல், அதாவது 4 பார். சாஃப்ட்வேர் இதையெல்லாம் தானே செய்துவிடும்தான். இருந்தாலும் கையால் செய்து எஞ்சினின் மீட்டரோடு ஒத்துப்போவதைப் பார்த்தவருக்கு, நெட்வொர்க் மேல் இருந்த பயம் அன்றோடு போய்விடும்.

ஒரு பைட் முழுக்க 255 என்று காட்டினால் "இந்த அளவு என்னிடம் இல்லை" என்று பொருள். 254 என்றால் அந்த அளவில் பிழை. திரையில் ஒரு கட்டம் எண் இல்லாமல் வெறும் கிடைக்கோடுகளாக (---) தெரிந்தால், உடனே சென்சாரை மாற்றக் கிளம்பாமல் இந்த இரண்டில் எது என்று பாருங்கள். அந்த எஞ்சினில் அந்தச் சென்சாரே இல்லாமலும் இருக்கலாம்.

கேட்வேயைக் கடந்ததும் அதே தகவல் வேறு வடிவம் எடுக்கிறது. என்எம்இஏ 2000-இல் எஞ்சின் வேகம் 127488 என்ற எண்ணில், ஒரு அலகு 0.25 ஆர்பிஎம் என்ற கணக்கில் போகும். ஜே1939-இல் 9600 என்றிருந்த அதே 1200 ஆர்பிஎம் இங்கே 4800. பிரஷரும் வெப்பமும் 127489-இல், வெப்பம் கெல்வினில். இரட்டை எஞ்சின் படகில் இடது எஞ்சினுக்கு இன்ஸ்டன்ஸ் (எந்த எஞ்சின் என்று காட்டும் எண்) 0, வலதுக்கு 1. கேட்வேயை மாற்றிய பிறகு ஒரே மீட்டர் 900-க்கும் 1400-க்கும் தாவிக்கொண்டிருந்தால், இரண்டு கேட்வேயும் தன்னை 0 என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒன்றை 1 ஆக்கினால் முடிந்தது.

படி 7: ஃபால்ட் கோடைப் படிக்கும் முறை

ஜே1939 கோடில் இரண்டு எண்கள் முக்கியம். எஸ்பிஎன் என்பது எந்தப் பொருள் என்று சொல்லும்; எஃப்எம்ஐ என்பது அதற்கு என்ன ஆனது என்று சொல்லும். எஸ்பிஎன் 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் வெப்பம், 190 எஞ்சின் வேகம், 639 நெட்வொர்க். பலரும் முதல் எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். உயிர்நாடி இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1 என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, பிரஷர் உண்மையாகவே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று இசியு சொல்கிறது. பாதுகாப்பாக முடிந்த அந்த நொடியிலேயே எஞ்சினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக் பாருங்கள், தனி மெக்கானிக்கல் மீட்டர் மாட்டி உறுதி செய்யுங்கள். அதே 100 எஃப்எம்ஐ 3-ஓடு வந்தால் சென்சார் ஒயரில் வோல்டேஜ் மிகையாக இருக்கிறது. 4 என்றால் மிகக் குறைவாக இருக்கிறது. 5 என்றால் கரண்ட் இயல்பைவிடக் குறைவு, பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கிறது. இவை ஒயர் வேலை. அதேபோல எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 0 வந்தால் எஞ்சின் நிஜமாகவே சூடாகிவிட்டது: கடல்நீர் வெளியேறுகிறதா, ஸ்டிரெய்னர் அடைத்திருக்கிறதா, இம்பெல்லர் பிளேடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். "சென்சார் பொய் சொல்கிறது" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போய் எஞ்சினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். எஃப்எம்ஐ படிக்கத் தெரிந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார்களுக்குக் கோடு வந்தால் எல்லாம் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. பல சென்சார்கள் இசியு தரும் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் சப்ளையே கீழே இறங்கிவிடும், மற்றவையும் சேர்ந்து தவறாகக் காட்டும். 5 வோல்ட் பின்னில் மீட்டரை வைத்துக்கொண்டு, அந்தச் சப்ளையில் இருக்கும் சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எதைக் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஹார்னஸில் (ஒயர்க் கட்டில்) எங்கோ உரசியிருக்கிறது. பிராக்கெட்டின் விளிம்பில், எக்ஸாஸ்டுக்கு அருகில் தேடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கும்போது அந்தச் செய்தி பல துண்டுகளாக வரும். சில எளிய திரைகள் முதல் கோடை மட்டும் காட்டும். திரையை நம்பி நின்றுவிடாமல் முழுப் பட்டியலையும் அடாப்டரில் எடுங்கள். எதையும் அழிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோடும் எத்தனை முறை வந்தது என்பதையும் சேர்த்து. ஒரு முறை வந்ததும் நூறு முறை வந்ததும் ஒன்றல்ல.

படி 8: லீவர், கியர் பக்கம் போகும்போது

இங்கே அவசரம் கூடவே கூடாது. ஜே1939-இல் எஞ்சினின் வேகத்தை நேரடியாக ஆணையிடும் செய்தி ஒன்று உண்டு, பிஜிஎன் 0. அதை யார் அனுப்பினாலும் இசியு கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் எஞ்சின் சீறிவிடும். படகில் இருந்துகொண்டு சோதனைக்காகச் செய்தி அனுப்பிப் பார்ப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அந்த ஆசைக்கு மேஜை மேல் கட்டிய நெட்வொர்க் இருக்கிறது.

லீவரில் பெரும்பாலும் நிலையைச் சொல்ல இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இசியு எஞ்சினை ஐடிலில் வைத்துவிடும் அல்லது வேகத்தைக் கட்டுப்படுத்தும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, அதைச் சுற்றி வழி தேடாதீர்கள். லீவர் யூனிட்டையோ கியர் ஆக்சுவேட்டரையோ மாற்றினால் கம்பெனி சொன்ன முறையில் காலிபரேட் செய்ய வேண்டும். அதன் பிறகு முதல் சோதனை, படகு நன்றாகக் கட்டப்பட்டிருக்கும்போது, புரொபெல்லர் பக்கம் யாரும் இல்லாதபோது, ஒருவர் அவசர நிறுத்த சுவிட்சில் கை வைத்திருக்கும்போது. முன்னே, நியூட்ரல், பின்னே என்று ஒவ்வொன்றிலும் நின்று, கியர் உண்மையில் அங்கே போனதா என்று ஷாஃப்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். திரை சொல்வது மட்டும் போதாது. படகை ஓட்ட இரண்டு ஸ்டேஷன் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியும் பாருங்கள்.

படகில் வெல்டிங் செய்யப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் பேட்டரிகளையும் இசியு கனெக்டர்களையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படி 9: கம்பெனி சாஃப்ட்வேர்

வோல்வோ பென்டாவுக்கு வோடியா, கம்மின்ஸுக்கு இன்சைட், கேட்டர்பில்லருக்கு கேட் இடி என்று ஒவ்வொருவருக்கும் தனி மென்பொருள் இருக்கிறது. பொதுக் கருவியால் முடியாத வேலைகள் இவற்றில் உண்டு: சிலிண்டர் சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது, காலிபரேஷன், கம்பெனியின் தனிக் கோடுகள், புதிய யூனிட்டைப் பதிவது. சில முறைகளில் யூனிட்கள் அந்தந்தப் படகுக்கென்றே புரோகிராம் செய்யப்பட்டவை. வோல்வோ பென்டாவின் இவிசி அப்படித்தான். பக்கத்துப் படகிலிருந்து ஒரு யூனிட்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் அங்கே உதவாது, குழப்பத்தைத்தான் கூட்டும்.

அதிகாரம் பெற்ற டீலரை அழைக்கும் நிலை வந்தால் அவருக்கு இவற்றைக் கொடுங்கள்: கிராங்க் செய்யும்போது இசியுவில் வந்த குறைந்தபட்ச வோல்டேஜ், எர்த் பாதையில் விழுந்த வோல்டேஜ், ஹை-லோ இடையே வந்த ஓம், அசைத்தபோது மாறியதா என்பது, ஹைக்கும் லோவுக்கும் தனித்தனி வோல்டேஜ், எஸ்பிஎன்-எஃப்எம்ஐ பட்டியல் முழுவதும், ஒவ்வொன்றின் எண்ணிக்கை, கோளாறு வந்தபோது எஞ்சின் என்ன செய்துகொண்டிருந்தது என்பது. நல்ல டீலர் இந்தக் காகிதத்தைப் பார்த்ததும் வர வேண்டிய உதிரிபாகத்தோடுதான் வருவார். எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளிலும் இதே அளவுகளை எடுத்து, வரைந்த படத்தின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி, லேமினேட் செய்து எஞ்சின் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.